ஒரே கதைதானா? இல்லீங்க ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒரு பெரியவர் எழுதியிருந்தார், ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற நாவல் எல்லாமே ஒரே கதைதான், வீட்டுக்குத் தெரியும், அடி விழும், அழுவாங்க, கடைசியில ஒருத்தன் செத்துருவான், இதைப் போய் நூலகத்துல எதுக்கு வாங்கி வைக்கணும்னு. அதே கடிதத்துல துப்பறியும் நாவல்னா ராத்திரி தூக்கத்தை விட்டுப் படிப்பேன்னும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவருக்கு பதில் எழுதுறேன், கோபத்துல இல்லீங்க.

நான் ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பார்க்குறேன். கல்யாணம் ஆனவ, பிள்ளைங்க இருக்காங்க. சாயங்காலம் மழை பிடிச்சா கரண்ட் போயிரும், அப்புறம் போன்ல சார்ஜ் இருக்குற வரைக்கும் படிப்புதான். குடும்ப நாவல், பேய்க்கதை, க்ரைம் எல்லாம் படிச்சு வளர்ந்தவ, அதே பழக்கத்துல கே ரொமான்ஸும், அதாவது ரெண்டு ஆம்பளைங்க காதல் கதையும் படிக்கிறேன். பொம்பளை நீ எதுக்கு இதைப் படிக்கறேன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. கொலைகாரங்க மட்டும்தான் கொலைக் கதை படிக்கிறாங்களா என்ன, காதல் கதை பிடிக்கும் படிக்கிறேன் அவ்வளவுதான்.

பெரியவருக்குப் பிடிச்ச துப்பறியும் கதையையே எடுத்துக்குவோம். நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி நடக்குற லண்டன் கதை ஒண்ணுன்னு வைங்க, ஒரு கொலை விழுந்துருச்சு, அன்னைக்கு ராத்திரி எங்க இருந்தேன்னு போலீஸ் ஒருத்தனைப் பிடிச்சு கேக்குது, அவன் இருந்தது காதலன் ரூம்ல, அதைச் சொன்னா கொலை கேஸ்ல இருந்து தப்பிச்சு வேற கேஸ்ல ரெண்டு பேருமே ஜெயிலுக்குப் போவாங்க, சொல்லலைன்னா இவனுக்குத் தூக்கு. வாயைத் திறக்காம உக்காந்திருக்கான். இந்த முடிச்சை வேற எந்தக் காதல் ஜோடியை வெச்சு இவ்வளவு இறுக்கமா போட முடியும் சொல்லுங்க. இது சும்மா கற்பனையும் இல்ல. இங்கிலாந்துல 1885ல ஒரு சட்டத்திருத்தம் வந்துச்சு, ரெண்டு ஆம்பளைங்க தனியா நாலு சுவத்துக்குள்ள உறவு வெச்சுக்கிட்டாக்கூட குற்றம்னு ஆக்குனாங்க, அதுக்கப்புறம் பழைய லெட்டரைக் காட்டி மிரட்டி காசு பறிக்கிறது ஒரு தொழிலாவே ஆயிருச்சு, அதனால அந்தச் சட்டத்தை பிளாக்மெயில்காரங்களுக்குக் கிடைச்ச லைசென்ஸ்னே அங்க சொன்னாங்க. சரித்திர நாவல் எழுதுறவங்க இதைத்தான் பிடிச்சுக்கிறாங்க, திருடு போன ஒரு கடிதம், அதைத் தேடி ரெண்டு பேர், தேடப் போன இடத்துல காதல்.

எழுதுறவங்க காலத்துலயே நடக்குற கதையும் இருக்கு. அமெரிக்காவுல ஜோசப் ஹேன்சன்னு ஒருத்தர் 1970ல ஒரு தொடர் ஆரம்பிச்சார், ஹீரோ இன்சூரன்ஸ் கம்பெனிக்காக சாவு கேஸ்களை விசாரிக்கிறவர், தன்பாலீர்ப்பு உள்ளவர், அதை மறைக்கவும் இல்ல. 1991 வரைக்கும் 12 நாவல், ஆளுக்கு வயசாகுது, உடம்பு தளருது, கூட ஒரு துணை வருது, ஆனா ஒவ்வொண்ணுலயும் கேஸ்தான் முதல்ல. காதலை நடுவுல நிறுத்தி யாரும் விளக்கம் சொல்லிட்டு இருக்க மாட்டாங்க.

கடைசியில சாவுதான்னு சொன்னதுக்கும் ஒரு பதில் இருக்கு. இங்கிலாந்து எழுத்தாளர் ஈ.எம்.ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை எழுதுனது 1913, 14ல. காதலிக்கிற ரெண்டு ஆம்பளைங்களும் சேர்ந்து வாழணும், முடிவு சந்தோஷமாத்தான் இருக்கணும்னு பிடிவாதமா எழுதுனார், எழுதிட்டு வெளிய விடல, கூட்டாளிங்ககிட்ட மட்டும் படிக்கக் குடுத்தார். 1967ல அங்க சட்டம் மாறுனப்புறம்கூட உயிரோட இருக்குற வரைக்கும் அச்சுல வரல, 1970ல செத்தார், 1971ல புக் வந்துச்சு. ஒரு சந்தோஷ முடிவு அச்சாக அம்பது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. இதை நினைச்சா எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மாயாஜால நாவல்கள்தான். அதுல ஒரு வகையில அந்த நாட்டுல ரெண்டு ஆம்பளைங்க கல்யாணம் பண்றது சாதாரண விஷயம், பக்கத்து ராஜாவோட சமாதானம் பண்ண இளவரசனை இளவரசனுக்கே கட்டி வெப்பாங்க, சண்டை எல்லாம் எல்லைக்கும் சிம்மாசனத்துக்கும்தான், இவங்க ஏன் சேர்ந்தாங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அந்த நிம்மதியைப் படிச்சாத்தான் தெரியும். சீனாவுல இதுக்குன்னே பெரிய எழுத்து மரபு இருக்கு, பேய், வாள், தவம் பண்ணி சித்தி அடையிறவங்க எல்லாம் வரும், தடி தடியா பல பாகம், இங்கிலீஷ்லயும் வந்து நல்லா விக்குது. இது போக ஹாக்கி டீம் கதை, ஆபீஸ் கதை, சமையல்காரர் கதைன்னு அது பாட்டுக்குப் போகும்.

எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்ல வரல. ஓநாய் மனுஷன் கதைங்க எனக்கு ஆகாது. ஹீரோயின் பேரை மட்டும் மாத்தி ஆம்பளைன்னு சொல்லி ஏமாத்துற புக்கும் நிறைய இருக்கு, பத்து பக்கத்துல தெரிஞ்சுரும், மூடி வெச்சுரணும்.

தமிழ்ல இதை எழுதுறவங்களே இல்லைன்னு சொல்ல மாட்டேன். நான் படிச்ச வரைக்கும் வலியைத்தான் அதிகமா எழுதுறாங்க, அதுவும் வேணும், பட்டவங்க எழுதத்தான் செய்யணும். பெரியவர் கண்ணுல பட்டதும் அதுவாத்தான் இருக்கும். ஷ்யாம் செல்வதுரை கொழும்புத் தமிழ்ப் பையன் ஒருத்தனோட கதையை 1994லயே நாவலாக் கொண்டு வந்தார், அதுவும் இங்கிலீஷ்லதான். இந்த மாதிரி உறவைக் குற்றம்னு சொன்ன இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 377ல, வயசு வந்தவங்க சம்மதிச்சா குற்றம் இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2018 செப்டம்பர் 6ல வந்தாச்சு, அப்புறமும் நம்ம க்ரைம் நாவல்ல, பேய் நாவல்ல ஏன் இப்படி ஒரு ஜோடி வர மாட்டேங்குது? நம்ம ஊர்ல கதைக்கா பஞ்சம். இந்த மலையில 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டு வந்தார், 1860ல வெள்ளைக்காரன் 377ஐ எழுதி வெச்சான், ரெண்டையும் சேர்த்துப் பாருங்க, எஸ்டேட் பங்களாவுல கணக்கு எழுத வந்த தமிழ்ப் பையன் ஒருத்தன், சேலத்துல இருந்து மட்டக்குதிரையில தபால் கொண்டு வர்றவன் ஒருத்தன், துரை கையில சிக்குன ஒரு சீட்டு. சரித்திரக் கதை வேண்டாம்னா செவ்வாப்பேட்டை கொலுசுப் பட்டறையில வெள்ளி காணாமப் போகட்டும், விசாரிக்க வர்ற எஸ்.ஐ.க்கும் கொலுசு பத்த வைக்கிற தொழிலாளிக்கும் பழக்கம் வரட்டும். யாராவது எழுதுனா முதல் புக் நான் வாங்குவேன்.

நூலகத்துல எதுக்குன்னு கேட்டிருந்தார். சொத்து வரியோட ரூபாய்க்கு பத்து பைசா நூலக வரி நாங்களும்தான் கட்டுறோம், எங்களுக்குப் பிடிச்சதுல நாலு புக் அலமாரியில இருந்தா என்ன குறைஞ்சுரும். உங்க ஞாயித்துக்கிழமை புத்தகப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நாவல்களை வருஷத்துக்கு ஒரு நாள் தனியா 'விழிப்புணர்வு'ன்னு பெட்டி கட்டிப் போடாதீங்க, க்ரைம் விமர்சனத்துல க்ரைமாவும் சரித்திரத்துல சரித்திரமாவும் போடுங்க, நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னே எழுதுங்க.

பெரியவருக்கு, ஐயா, ஹேன்சனோட அந்தத் தொடர்ல முதல் நாவலைத் தேடிப் படிங்க. கொலைகாரன் யாருன்னு உங்களால முன்னாடியே கண்டுபிடிக்க முடிஞ்சுதான்னு இதே பகுதியில எழுதுங்க, நான் பார்த்துட்டு இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.