ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வயிற்றுப்போக்கு பற்றிய செய்திகளில் ‘ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள்’ என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. தவறு நடப்பதோ கரைக்கும் இடத்தில்.

உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. இந்தக் கரைசலின் செறிவு, அதாவது கரைந்துள்ள துகள்களின் அளவு, லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். இரத்தத்தினுடையது சுமார் 290. லிட்டர் பாக்கெட்டை 200 மி.லி. டம்ளரில் கொட்டிக் கலக்கினால் செறிவு 1,200-ஐத் தாண்டும். அப்போது சவ்வூடு பரவல் திசை மாறி, உடம்பிலுள்ள தண்ணீர் குடலுக்குள் இறங்கும். போக்கு கூடும், இரத்தத்தில் சோடியமும் ஏறும். பாட்டில் பழச்சாறும் குளிர்பானமும் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: சர்க்கரை மிகுதி, சோடியம் சொற்பம்.

குடலில் தண்ணீருக்கென்று தனி பம்ப் கிடையாது; உப்பு போகும் பக்கம் அது போகும். குடல் செல்லின் இரத்தப் பக்கச் சவ்விலுள்ள பம்ப், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. செயல்மிகு கடத்தல் என்று பள்ளியில் படிப்பது இதைத்தான். இதனால் செல்லுக்குள் சோடியம் குறைந்தே இருக்கும். அந்தச் செறிவு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, உணவுப் பக்கச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற கடத்தி 2 சோடியத்தோடு 1 குளுக்கோஸை உள்ளே விடுகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வழி திறக்கும். வெறும் தண்ணீரோ வெறும் உப்புநீரோ போதாததற்குக் காரணம் இது. காலரா நச்சு, செல்லிலிருந்து குளோரைடைக் குடலுக்குள் கொட்ட வைத்தாலும் இந்தக் கடத்தியைத் தொடுவதில்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், ஊசிவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில் வாய்வழிக் கரைசலாலேயே உயிர்களைக் காத்தது இந்த ஒரு வழி அடைபடாமல் இருந்ததால்தான்.

பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டக் கூடாது. இளநீர் மாற்றாகாது: அதில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அதைவிட மேல். குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கடைகளில் 200 மி.லி.க்கான சிறு பாக்கெட்டும் விற்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. இனிச் செய்தி வெளியிடும்போது, உறையில் போட்டிருக்கும் தண்ணீர் அளவைப் பார்த்துக் கரைக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

— உடலியங்கியல் ஆசிரியர், தஞ்சாவூர்