ரஷ்யனும் ஸ்பானிஷும் சேர்ந்தே படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அயல்மொழிப் படிப்புகள் பற்றி வந்த ஆலோசனையைப் படித்தேன். பெரும்பாலும் பயனுள்ள விஷயங்கள்தான். ஆனால் இரண்டு அயல்மொழிகளை ஒரே நேரத்தில் எடுத்தால் இரண்டும் குழம்பிவிடும், வேலை கிடைக்கும் மொழி ஒன்றை மட்டும் எடுப்பதே புத்திசாலித்தனம் என்று அதில் ஒரு கருத்து போகிறபோக்கில் சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பி எந்தப் பிள்ளையும் விண்ணப்பத்தில் இரண்டாவது மொழியை அடித்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். ரஷ்யனையும் ஸ்பானிஷையும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்து, இரண்டாலும் மாறி மாறிச் சோறு தின்றவன் நான்.

எண்பதுகளின் நடுவில் சோவியத் அரசின் உதவித்தொகையில் மாஸ்கோ போனேன். படித்தது பாத்ரிஸ் லுமும்பா மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களை மனத்தில் வைத்து 1960இல் தொடங்கப்பட்டது. (1992இல் காங்கோ விடுதலைத் தலைவர் லுமும்பாவின் பெயரை எடுத்தார்கள், 2023இல் திரும்பச் சேர்த்தார்கள். ஆட்சிகளுக்கு இதெல்லாம் ஒரு வேலை.) முதல் ஆண்டு முழுவதும் ஆயத்த வகுப்பு, ரஷ்யனைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஆங்கிலத்தில் விளக்கம் கேட்கலாம் என்றால் ஆசிரியைக்கும் ஆங்கிலம் வராது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏமன் நாட்டு மாணவனுக்கும் வராது. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கரும்பலகை மட்டும்தான்.

விடுதி மிக்லுகோ-மக்லாய் தெருவில் இருந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு நிகராகுவாவிலிருந்து மாணவர்கள் ஏராளமாக வந்துகொண்டிருந்த காலம் அது. என் அறையிலேயே ஒருவர் இருந்தார். தளத்துக்குப் பொதுவான சமையலறையில் பெருவும் பொலிவியாவும் கொலம்பியாவும் ஓர் அடுப்புக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும், அடுத்த நிமிடம் விழுந்து விழுந்து சிரிக்கும். ரஷ்ய மொழி, இலக்கிய மாணவனான நான் அடுத்த ஆண்டில் இரண்டாவது அயல்மொழி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கூட வந்த இந்தியர்கள் பலர் ஆங்கிலத்துக்குப் பெயர் கொடுத்து மதிப்பெண்ணைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். எனக்கோ அந்தச் சமையலறையில் என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். ஸ்பானிஷ் எடுத்தேன்.

சொல்லிக்கொடுத்த அம்மையார் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1937, 38ஆம் ஆண்டுகளில், குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காகச் சுமார் 3,000 குழந்தைகளைக் கப்பலேற்றிச் சோவியத் நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் இவர். போரில் ராணுவத் தளபதி பிராங்கோ வென்றதால் பிள்ளைகள் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே வளர்ந்தார்கள். பலர் ஸ்பானிஷ் ஆசிரியர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் ஆனார்கள். அறுபதுகளில் சோவியத் நிபுணர்கள் கியூபாவுக்குப் போனபோது துபாஷிகளாக, அதாவது பேச்சை மொழிபெயர்ப்பவர்களாக, கூடவே போனதும் இவர்களில் ஒரு பகுதியினர். எங்கள் ஆசிரியை மதிப்பெண்ணை ரஷ்யனில் கூட்டுவார், எங்களை ஸ்பானிஷில் திட்டுவார். அவருடைய வகுப்பில் ரஷ்யப் பத்தியை நேராக ஸ்பானிஷில் சொல்ல வேண்டும், ஸ்பானிஷ் பத்தியை நேராக ரஷ்யனில். நடுவில் ஆங்கிலத்தில் கால் வைத்தவனுக்கு அன்றைக்கு மதிப்பெண் கிடையாது.

குழம்புமா என்றால், முதலில் குழம்பத்தான் செய்யும். ஸ்பானிஷ் சொல் ஒன்றைத் தேடினால் ரஷ்யச் சொல் வந்து முன்னால் நிற்கும். தாய்மொழியைவிட இன்னோர் அயல்மொழிதான் எனக்கு இப்படிக் குறுக்கே வந்தது. ரஷ்யனில் 'நோ' என்றால் 'ஆனால்', ஸ்பானிஷில் 'இல்லை'. நான் பாட்டுக்கு 'ஆனால்' என்று இழுத்து யோசித்துக்கொண்டிருப்பேன், எதிரில் இருக்கும் நிகராகுவா நண்பர் நான் மறுத்துவிட்டதாக எண்ணி எழுந்து போய்விடுவார். ஒரு பருவம் போனதும் இது தானாக அடங்கியது. மருந்து எதுவும் சாப்பிடவில்லை. இரண்டு மொழியும் அவ்வளவு தூரத்து உறவு. எழுத்து வேறு, ஓசை வேறு, வாக்கியத்தின் நடை வேறு. கடைசிவரை அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஸ்பானிஷும் போர்த்துகீசும் எடுத்தவர்கள். அண்டை வீட்டு மொழிகளைச் சேர்த்து எடுக்காதீர்கள் என்று தங்கள் ஆலோசகர் எழுதியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

இந்த இரண்டுக்கும் இன்னொரு பொருத்தம் உண்டு. ரஷ்யன் முதல் ஆண்டிலேயே ஆளைப் பந்தாடும். 33 எழுத்து, 3 பால், 6 வேற்றுமை, அந்த வேற்றுமைக்கு ஏற்பப் பெயரடையும் உருமாறும். வினைச்சொல் பெரும்பாலும் சோடி சோடியாக வரும், செயல் முடிந்ததா இல்லையா என்று பார்த்து எடுக்க வேண்டும். 'போனேன்' என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் நடந்தா வண்டியிலா, போனதோடு சரியா போய்த் திரும்பியாயிற்றா என்றெல்லாம் யோசித்தாக வேண்டும். ஸ்பானிஷ் நேர்மாறு. ஐந்தே உயிரொலிகள், எழுதியபடியே படிக்கலாம், ஒரு மாதத்தில் கடைக்குப் போய் ரொட்டி வாங்கலாம். அதன் கஷ்டமெல்லாம் பின்னால் வரும்: வினைத்திரிபுகள், 'இரு' என்பதற்கு இரண்டு தனி வினைகள், ஐயத்தையும் விருப்பத்தையும் சொல்வதற்கென்றே தனியாக ஒரு வினை வடிவம். ஆகவே ரஷ்யனை ஓர் ஆண்டு முன்னால் தொடங்கி, அதன் சுமை தணிகிற நேரத்தில் ஸ்பானிஷைத் தொடங்கினால் மாணவனுக்கு மூச்சு முட்டாது. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லும் பாடத்திட்டத்தை நானும் ஆதரிக்க மாட்டேன்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் வசதி. வேற்றுமை என்று கேட்டதும் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் மிரள்வார்கள். வீட்டை, வீட்டால், வீட்டுக்கு என்று பேசியே வளர்ந்த நமக்கு அதில் என்ன பயம்? 'நான் மாணவன்' என்று இரண்டே சொல்லில் நிறுத்துவது ரஷ்யனிலும் அப்படியே. 'எனக்குப் பிடிக்கும்' என்று நாம் நான்காம் வேற்றுமை போட்டுச் சொல்வதை ரஷ்யனும் ஸ்பானிஷும் அதே மாதிரிதான் சொல்கின்றன. ஆங்கில வழிப் பாடநூல் இதை விளக்கப் பக்கங்களைச் செலவழிக்கும், தமிழில் ஒரு வரி போதும். ஆனால் நம் ஊரில் இந்த மொழிகளைக் கற்பிக்கும் இடங்களில் நான் பார்த்த கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறிவிட்டு ரஷ்யன் கடினம் என்கிறார்கள்.

இனி, வேலை. கூடங்குளம் ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988 நவம்பரில் கையெழுத்திட்டபோது நான் மாஸ்கோவில் இருந்தேன். வீட்டு வாசலிலேயே வேலை காத்திருக்கிறது என்று வள்ளியூர் முழுக்க என் தாயார் சொல்லிவைத்துவிட்டார். 1990இல் திரும்பினேன். அடுத்த ஆண்டு டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று, அணுமின் திட்டமும் கிடப்புக்குப் போயிற்று. மாஸ்கோவில் தமிழ் நூல்கள் வெளியிட்டுவந்த முன்னேற்றப் பதிப்பகத்தையும் ராதுகாவையும் நம்பியிருந்த நண்பர்களுக்கும் அதே கதிதான். என்னைக் காப்பாற்றியது ஸ்பானிஷ். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்தேன். பார்சிலோனாவிலிருந்து ஃபேக்ஸ் வரும்: சாயம் போகிறது, ஓவர்லாக் தையல் பிரிகிறது, காஜா சின்னதாக இருக்கிறது, பொத்தான் நுழையவில்லை. 'டான் குயிக்சாட்' எழுதிய செர்வான்டிஸின் மொழியில் காஜாவுக்கு என்ன பெயர் என்று எந்த இலக்கியப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. அகராதியும் கட்டிங் மாஸ்டரும் சேர்ந்து சொல்லித்தந்தார்கள். நல்ல சம்பளம், தலைவலியும் நிறைய.

2002இல் கூடங்குளத்தில் கட்டுமானம் தொடங்கியதும் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளனாக ஊருக்கே வந்துவிட்டேன். ஒரு பக்கம் ரஷ்யப் பொறியாளர், இன்னொரு பக்கம் நம் ஊர் வெல்டர், நடுவில் நான். பத்து ஆண்டு தூசி படிந்திருந்த ரஷ்யன் சில வாரங்களில் துலங்கிவிட்டது. 2013இல் முதல் உலை மின்சாரம் கொடுக்கும்வரை அங்கே இருந்தேன். அந்த நாட்களிலேயே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஆரல்வாய்மொழி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் பெருகின. அவற்றில் ஒரு ஸ்பானிய நிறுவனத்தின் இயந்திரங்களும் உண்டு. கியர் பாக்ஸ் பார்க்க அங்கிருந்து ஆட்கள் வரும்போது விடுமுறை நாட்களில் என்னைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வள்ளியூரைச் சுற்றியே, சைக்கிளில் போய்ச் சேரும் தூரத்தில் இரண்டு மொழிக்கும் வேலை இருந்தது. அதிலும் ஸ்பானியர்கள் சாப்பாட்டு வேளையில் கட்டாயம் உட்காரவைப்பார்கள், ரஷ்யர்கள் வேலை முடியும்வரை தேநீர்கூடக் கேட்கமாட்டார்கள்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். என் தம்பி மகள் பிரிட்டனில் வளர்ந்தவள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ரஷ்யனும் ஸ்பானிஷும் சேர்ந்த பட்டப்படிப்பு படித்தாள். அங்கே இது வழக்கமான படிப்பு: நான்கு ஆண்டு, மூன்றாம் ஆண்டு முழுவதும் அந்தந்த மொழி பேசும் நாடுகளில். ரஷ்யனைப் பள்ளியில் தொடாதவர்களுக்கும் அரிச்சுவடியிலிருந்து கற்றுத்தருகிறார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வெடித்த பிறகு பிரிட்டிஷ் மாணவர்களுக்கு ரஷ்யா போகும் வழி அடைபட்டது. கஜகஸ்தான், கிர்கிஸ்தான், எஸ்தோனியா என்று மாற்று ஏற்பாடு செய்தார்கள். இவள் பாதி ஆண்டு கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில், பாதி ஆண்டு ஸ்பெயினில் இருந்தாள். "பெரியப்பா, இங்கே சந்தையில் ரஷ்யனிலேயே பேரம் பேசுகிறேன்" என்று தொலைபேசியில் சொன்னபோது அவள் குரலில் இருந்த கர்வத்தைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். ரஷ்யனை மட்டும் நம்பிப் படித்த அவளுடைய தோழிகள் வேலைக்கு என்ன செய்வது என்று விழித்தபோது இவளுக்கு ஸ்பானிஷ் கையில் இருந்தது. 1991இல் எனக்கு இருந்தது போலவே.

நம் நாட்டில் இதற்குச் சட்டத் தடை எதுவும் கிடையாது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் இரண்டு மொழிக்கும் துறைகள் உள்ளன. 2020 தேசியக் கல்விக் கொள்கை இடைநிலைப் பள்ளி அளவில் கற்பிக்கக்கூடிய அயல்மொழிகளாகச் சொல்லும் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் இரண்டு முழுநேரப் பட்டங்களை ஒரே சமயத்தில் படிக்கலாம் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்துவிட்டது. ஆக, தடை கால அட்டவணையில்தான் இருக்கிறது. தென்மாவட்டப் பல்கலைக்கழகங்களில் ஒன்றாவது முன்வந்து முதல் ஆண்டில் ரஷ்யன், இரண்டாம் ஆண்டிலிருந்து ஸ்பானிஷ், இலக்கண விளக்கம் தமிழில், கடைசி ஆண்டில் இரண்டு மொழிக்கும் இடையே நேரடி மொழிபெயர்ப்புத் தேர்வு என்று ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கினால், கேள்வித்தாள் தயாரிக்கச் சம்பளமில்லாமல் வருகிறேன்.

எல்லோரும் இரண்டு மொழி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுயவிவரத்தில் ஒரு வரி சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒன்றே போதும், அதுகூட வேண்டாம். தினமும் வாய்விட்டுப் படிக்க நேரமும் வெட்கப்படாத நாக்கும் உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

அடுத்த முறை அயல்மொழிகள் பற்றி எழுதும்போது கல்வி ஆலோசகர்களோடு துபாஷிகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கூடங்குளத்தில் மூன்றாவது உலையிலிருந்து ஆறாவது உலைவரை கட்டுமானம் நடந்துகொண்டிருக்கிறது. என்னோடு வேலை செய்தவர்கள் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தங்கள் நிருபர் வந்தால் அழைத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.