முறுக்கு டின்

கவிதா கண்ணு,

நேற்று கூரியரில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே இரண்டு முதுகுப் பைகள், வெள்ளம், தீ என்று ஏதாவது வந்தால் தருணும் பாப்பாவும் உடனே மாட்டிக்கொண்டு வெளியேற. பிள்ளைகளின் பழைய பள்ளிப் பைகள்தான், அறுந்த வாரை நானே தைத்தேன். பார்த்துவிட்டு "அம்மாவுக்கு வேற வேலை இல்லை" என்று மாப்பிள்ளையிடம் சொல்வாய். சொல்லிக்கொள்.

2017 நவம்பர் 4 ராத்திரி நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. தருணுக்கு அப்போது மூன்று வயது, என்னிடம் இருந்தான். பினாங்கில், நம் ஜாலான் பி. ரம்லி பக்கம் வெள்ளம் நமக்குப் புதிதா? கணுக்கால் வரை வரும், வடிந்துவிடும் என்று படுத்துவிட்டேன். விடியுமுன் விழித்தால் மெத்தை ஓரமெல்லாம் ஈரம். கரண்டும் இல்லை. அவன் மருந்தையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன் அல்லவா, அதை இருட்டில் தடவி எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கி, பக்கத்துக் கடை மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். திறந்து பார்த்தால் தீபாவளி முறுக்கு. நல்ல வேளை, அன்றைக்கு அவனுக்கு மூச்சிழுப்பு வரவில்லை. முறுக்கைத் தின்றுவிட்டு தாகம் தாகம் என்று அழுதான். குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் இல்லை.

"பன்னிரண்டாம் மாடிக்கு வெள்ளம் வராதும்மா" என்பாய். சரி, தீப்பிடித்தால்? லிஃப்டில் இறங்கக்கூடாது. பன்னிரண்டு மாடியும் பாப்பா தன் பையோடு தானே இறங்க வேண்டும், உங்கள் கையில் என்ன இருக்குமோ. அதனால்தான் எடையில் இத்தனை பிடிவாதம். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக்கூடாது. அவள் இருபது கிலோ. முதலில் நான் கட்டியது மூன்றரைக் கிலோ வந்தது! சார்டின் டின், போர்வை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். இப்போது 1.8 கிலோ. அதில் ஒரு கிலோ தண்ணீர்தான், அரை லிட்டர் பாட்டில் இரண்டு.

மற்றபடி கிரேக்கர் பிஸ்கட், உலர்ந்த திராட்சை, ஒரு செட் உடுப்பு, மழைக்கோட்டு, சின்ன டார்ச். பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசியும், கழற்றி டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். தருணுக்கு மாட்டக் கற்றுக்கொடு. ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் நோட்டுகள் பத்து. பாப்பா பையில் அவளுடைய ஒற்றைக்காது முயல், அதை மட்டும் எடுத்துவிடாதே.

இருட்டில் தடவினாலும் தெரியட்டும் என்று ஜிப்பில் என் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். விசில் பைக்குள் இல்லை, தோள் வாரில் தொங்குகிறது. மாட்டிக்கொண்டால் மூன்று முறை ஊதச் சொல். ஊதிப் பழகட்டும், பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் திட்டட்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் போன் சார்ஜ் தீர்ந்ததும் ஒரு நம்பரும் ஞாபகம் வரவில்லை என்று மாப்பிள்ளையின் அண்ணன் சொன்னாரே. உன் நம்பர், மாப்பிள்ளை நம்பர், என் நம்பர், அவசர உதவிக்கு 999, எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி ஜிப் உறையில் வைத்திருக்கிறேன். பேனா மை நனைந்தால் ஊறிவிடும். பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட் நகலும் ஒரு குடும்பப் படமும் அதிலேயே வை.

தருண் பையில் முன் பாக்கெட் காலி. கிளினிக்கில் கேட்டு அவனுடைய நீல இன்ஹேலர் ஒன்று கூடுதலாக வாங்கி, அதில் மாட்டி மருந்தை இழுக்கும் குழாயான ஸ்பேசரோடு அங்கே வை. பையைக் காரில் போட்டு வைக்காதே, சூட்டில் மருந்து கெட்டுவிடும். வாசல் கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டு. பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை தண்ணீரையும் பிஸ்கட்டையும் மாற்று. உடுப்பு பத்துகிறதா என்றும் பார்த்துக்கொள், பாப்பா வளர்கிற வேகத்துக்கு.

பெட்டியின் அடியில் முறுக்கு டின்னும் இருக்கிறது. அது உங்களுக்கு, பைக்குள் போய்விடப் போகிறது.

அம்மா