ஊசியை மாற்றாமல் அரக்குத் தட்டைச் சுழற்ற வேண்டாம்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்கள், சங்கீத சபைகள், பாடசாலை நூலகங்கள் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

அலுமாரியில் கிடக்கும், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய கிராமபோன் அரக்குத் தட்டுகளை யூ.எஸ்.பி. பிளேயரில் போட்டுக் கணினியில் ஏற்ற நினைப்பது நல்ல காரியம். 1933இல் மறைந்த நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இத்தகைய தட்டுகளில்தான். ஆனால் பிளேயரோடு வரும் எல்.பி. ஊசியால் (பிற்கால வினைல் தட்டுகளுக்கான ஊசி) அவற்றைத் தொட வேண்டாம்.

எல்.பி. ஊசியின் நுனி ஆரம் 0.7 மில் அளவு. ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரக்குத் தட்டின் தவாளிப்பு, அதாவது ஊசி ஓடும் பள்ளம், எல்.பி.யினதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமானது. அதற்கு 3 மில் ஊசி வேண்டும். சின்ன ஊசி சுவரில் தங்காமல் அடியில் விழுந்து அங்குள்ள அழுக்கை உழுதுகொண்டு போகும். பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் பதிவாகும். பிளேயரில் ‘78’ என்றிருப்பது வேகத்தை மட்டுமே குறிக்கும்; மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் எல்லா வேகத்துக்கும் ஒரே ஊசிதான். ஓடியோ-டெக்னிக்காவின் ஏ.டி.-வி.எம்.95எஸ்.பி. போன்ற 78 ஊசி வாங்குங்கள். அது தட்டை அழுத்த 5 கிராம் பாரம் கேட்கும், எல்.பி.க்கு வைத்த 2 கிராமிலேயே விட்டால் துள்ளும். பழைய இரும்பு ஊசி தேய்த்த தட்டானால் 2.5 அல்லது 3.5 மில் ஊசியையும் போட்டுப் பாருங்கள். சுவரில் தேயாத இடம் அகப்படக்கூடும்.

கழுவும்போதுதான் அதிகம் பாழாகிறது. மேசைக்குப் பொலிஷ் போடத் தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டிலும் அதே அரக்குத்தான். அற்ககோல் கலந்த எந்தத் துப்புரவுத் திரவமும் ஆகாது. நம் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் தவாளிப்பில் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீர் ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். (பற்றரிக்கு விடும் நீர் உதவும், பற்றரி அமிலத்தை மாறி எடுத்துவிடாதீர்கள்.) மென்மையான தூரிகையால் தவாளிப்பின் போக்கிலேயே தேய்த்து, வெறும் வடிநீரால் அலசி, உடனே ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். லேபல் நனையக்கூடாது. தட்டை ஊறவைக்கவும் கூடாது, அரக்கோடு கலந்த பொடி ஈரம் குடித்து ஊதும். வெடிப்புள்ள தட்டைக் கழுவவே வேண்டாம்.

வேகத்துக்கு வருவோம். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் 77 கோடுள்ள வேக அட்டை (சுழலும் தட்டின்மேல் வைத்து விளக்கொளியில் வேகம் பார்க்கும் வட்ட அட்டை) அசையாது நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் நிமிடத்துக்கு 77.92 சுற்று. பல எல்.ஈ.டி. விளக்குகளில் இது தெரியாது, குண்டு பல்பின் கீழ் பாருங்கள். ஆறு வீதம் பிசகினால் சுருதி ஒரு சுரத்தானம் நகர்ந்துவிடும். ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவையும் அல்ல. பக்கவாத்தியமாக ஹார்மோனியம் ஒலித்தால் சரியான சுருதிக்கு அது நல்ல துப்பு. அன்றைய ஹார்மோனியம் இன்றைய சுருதியில் இருந்தது என்று சத்தியம் பண்ணத்தான் முடியாது.

பிளேயருக்குள் இருக்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் (தாழ்ந்த ஒலியைக் கூட்டி உயர்ந்த ஒலியைக் குறைக்கும் ஏற்பாடு) 1954இல் வந்தது. 10,000 ஹேர்ட்ஸில் அது ஏறக்குறைய 14 டெசிபல் குறைக்கும். இப்படிக் குறைப்பார்கள் என்று எண்ணிப் பழைய தட்டுகளைப் பதியவில்லை. அதனால் பாடகர் வாயில் துணி வைத்துப் பாடுவதுபோல் கேட்கும். ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தத் திருத்தத்தை முதலில் நீக்கிவிட்டு, தட்டுக்கு ஏற்ற திருத்த வளைவைப் போடுங்கள். 78 வேகம் இல்லாத பிளேயரில் 45இல் ஓட்டிப் பதிந்து வேகத்தை 73.3 வீதம் கூட்டலாம். அப்போதும் திருத்தத்தை நீக்குவது முதலில், வேகம் பிறகு. பதியும்போது ஸ்டீரியோவாக, 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸில் பதிந்து அந்த மூலக்கோப்பைத் தொடாமல் வையுங்கள். இரு சனலையும் மொனோவாகச் சேர்ப்பதைப் பிரதியில் செய்யுங்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் அதிலேயே பெரிதும் அடங்கும். ‘கிளிக்’ நீக்கியைக் கண்டபடி ஓட்டினால் மிருதங்கத்தின் அடியும் சேர்ந்து போய்விடும்.

ஊசி வந்து சேரும்வரை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், புதிய கடதாசி உறையிட்டு நேராக நிறுத்தி வையுங்கள். பழைய உறைகளில் கறையான் இருக்கக்கூடும்; ஆனால் எழுத்துள்ள உறையைப் படம் பிடிக்காமல் எறியாதீர்கள்.

இப்படிக்கு,
பழந்தட்டுகளைப் பதிவுசெய்வோர்,
யாழ்ப்பாணம்