காலைக் கழற்றாமலும் சோதனை செய்ய முடியும்

விமானப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றைச் சோதனை வாயிலில் நடைமுறைப்படுத்துவோருக்கும்,

வணக்கம். முழங்காலுக்கு மேலே கால் அகற்றப்பட்டு, செயற்கைக் கால் அணிந்து நடக்கும் பெண் நான். வேலை காரணமாக அடிக்கடி விமானத்தில் போய் வருகிறேன். போன மாதம் நம் நாட்டு விமான நிலையம் ஒன்றில், சோதனைக்காக என் செயற்கைக் காலைக் கழற்றித் தரச் சொன்னார்கள். எனக்கு இது முதல் முறை அல்ல. உங்களுக்கும் இந்தப் புகார் புதிதாக இருக்காது.

2021 அக்டோபரில் நடனக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமருக்கே வேண்டுகோள் வைத்து வீடியோ வெளியிட்டார். 1981ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்தால் காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் எனப்படும் செயற்கைக் காலுடன் மறுபடி மேடையேறியவர் அவர். நாடே அறிந்த முகம். விமான நிலையங்களில் சோதனை செய்யும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை உடனே அவரிடம் மன்னிப்புக் கேட்டது. விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லலாம் என்பதே நடைமுறை என்றும் விளக்கியது. அடுத்த சில வாரங்களில், டிசம்பர் மாதம், மாற்றுத்திறனாளி என்பதால் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட ஜீஜா கோஷ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே பேசியது: மனித மாண்பைக் காக்க வேண்டுமானால் செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது. இவ்வளவும் நடந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் நான் வாயிலில் நின்றபோது விதிவிலக்கான சூழ்நிலை என்று எதுவும் இல்லை. மெட்டல் டிடெக்டர் ஒலித்தது, அவ்வளவுதான். முட்டியில் உலோகம் இருக்கும் கால் ஒலிக்கத்தானே செய்யும்?

கழற்றுவது என்றால் என்னவென்று சொல்கிறேன். திரை போட்ட தடுப்புக்குள் போய் முதலில் சல்வாரை அவிழ்க்க வேண்டும். அந்தத் திரை முழுதாக மூடாது. ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருக்கும். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்திப் பூட்டை விடுவித்தால் கால் கழன்று வரும். செருப்பு மாட்டிய நிலையிலேயே அதை ஒரு டிரேயில் வைத்து வெளியே எடுத்துப் போனார்கள். லேப்டாப்புகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் நடுவே அது எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும்போது, வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். நான் உள்ளே துப்பட்டாவை மடிமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது, யாரையும் கூப்பிடவும் மனம் வராது. வெளியே என் விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்ப மாட்டுவது அதைவிடச் சிரமம். தொடையில் இழுத்துப் போடும் சிலிக்கான் உறை வியர்வையில் வழுக்கிவிடும். துடைத்து, காற்று புகாமல் மறுபடி ஏற்ற வேண்டும். அதன் நுனியில் உள்ள பின், செயற்கைக் காலில் தொடை நுழையும் குழியின் அடியில் இருக்கும் பூட்டில் நேராக இறங்க வேண்டும். எழுந்து நின்று எடையைக் கொடுத்து அழுத்தினால்தான் 'டிக் டிக்' என்று ஒவ்வொரு பல்லாகப் பிடிக்கும். பிடித்துக்கொண்டு நிற்க அங்கே ஒரு கம்பி கூட இல்லை. அவசரத்தில் கோணலாக மாட்டிக்கொண்டு ஓடினேன். மாலைக்குள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. புண் ஆறும் வரை கால் போட முடியாது. கால் இல்லாமல் வேலைக்கு எப்படிப் போவது?

சோதித்த பெண் காவலர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "ரூல்ஸ் மேடம், நான் என்ன பண்றது?" என்றபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. அவரை அந்த நிலையில் நிறுத்தியவர்களைத்தான் கேட்கிறேன்.

சோதனையே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. செயற்கைக் காலுக்குள் எதையாவது மறைத்துக் கொண்டுவர முடியும் என்ற உங்கள் கவலை நியாயமானது. நானும் அதே விமானத்தில்தான் போகிறேன்; என் உயிரும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வெடிமருந்துத் துகளைக் கண்டுபிடிக்கும் கருவியில், ஒரு சிறு துணியால் காலையும் என் கைகளையும் துடைத்து வைத்தால் சில நொடிகளில் முடிவு தெரிந்துவிடும். பைகளுக்கு அன்றாடம் அதைச் செய்கிறீர்கள். என் பைக்குச் செய்வதை என் காலுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது உடல் ஸ்கேனர். 84 விமான நிலையங்களில் அதைப் பொருத்த வேண்டும் என்று சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் உத்தரவிட்டது 2019ல். அதன் கெடு 2020லேயே முடிந்துவிட்டது. அந்தக் கருவி இருந்தாலும் செயற்கைக் கால் தனியாகத் தெரியத்தான் செய்யும். ஆனால் கை வைத்துத் தடவ வேண்டிய இடம் குறைந்துவிடும். அமெரிக்காவில், 2001 தாக்குதலுக்குப் பிறகு அத்தனை கெடுபிடி செய்யும் நாட்டில், செயற்கை உறுப்பைக் கழற்றாமலேயே சோதித்து அனுப்ப முறை வைத்திருக்கிறார்கள். இங்கே ஏன் முடியாது?

உண்மையைச் சொன்னால், விமான நிலையத்தில் மட்டும்தான் இந்தப் பாடு என்றில்லை. ரயிலில் எங்களுக்கான பெட்டி கடைக்கோடியில் இருக்கும். தடுக்கி விழாமல் நடந்து போய்ச் சேர்ந்தால் உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள், இல்லையென்றால் கதவு பூட்டியிருக்கும். பேருந்தின் முதல் படி தொடை உயரம். அரசு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவே மாடியில் இருக்கும். 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையெல்லாம் கவனிக்கத்தான் வந்தது. ஆனால் இன்றும் எங்கு போனாலும் முதலில் எங்களை நாங்களே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால், சலுகை கேட்கிறோம் என்கிறார்கள்.

சரி, அதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் வேறு. உங்களிடம் கேட்பது இதுதான்: செயற்கைக் காலைக் கழற்றச் சொல்லாதீர்கள். துகள் சோதனையில் சந்தேகம் வந்து, கழற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கதவுள்ள தனி அறையில், பிடித்துக்கொள்ளக் கம்பியும் கைவைத்த நாற்காலியும் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். கூட வந்தவரை உடன் இருக்க விடுங்கள். கழற்றச் சொன்ன காரணத்தை மேலதிகாரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். காரணம் எழுத வேண்டும் என்றாலே பாதிப் பேரைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

விதி என்ன என்பதை ஒவ்வொரு சோதனை வாயிலிலும் அந்தந்த மாநில மொழியில் எழுதி ஒட்டுங்கள். பணியில் புதிதாகச் சேருகிற காவலருக்கும் அது தெரியும், என் போன்றவர்களுக்கும் சுட்டிக்காட்ட ஒன்று இருக்கும். பெரிய செலவில்லாத காரியம் இது. தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள். எப்போது செய்வீர்கள் என்று தேதியோடு ஓர் அறிவிப்பு வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயற்கைக் காலுடன் பயணிக்கும் ஒரு குடிமகள்