கேபின் காற்றழுத்தக் கோளாறு: தரவுப் பதிவையும் விசாரணை அறிக்கையையும் வழங்கக் கோரும் மறு மனு

அனுப்புநர்:
அந்த விமானத்தில் பயணம் செய்து செவித்திறன் இழந்தவரின் மகன் (உடன் பயணித்தவர்)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
விமானப் பாதுகாப்புப் பிரிவு

பொருள்: நடுவானில் கேபின் காற்றழுத்தம் இழந்த விமானத்தின் தரவுப் பதிவுகளையும் விசாரணை அறிக்கையையும் பாதிக்கப்பட்ட பயணிக்கு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த மனுக்களும், அவற்றுக்குத் தங்கள் அலுவலகம் தந்த ஒப்புகைச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது; பதில் கிடைக்கவில்லை. அதனால் மீண்டும் எழுத நேர்ந்தது. பொறுத்தருள வேண்டுகிறேன். நடந்தது தாங்கள் அறியாததல்ல. தங்கள் அலுவலக சன்னலிலிருந்து தெரியும் அந்த ஓடுபாதையில்தான் எங்கள் விமானம் திரும்பி வந்து இறங்கியது. சரக்கு முனையத்தை ஒட்டிய கடைசி நிறுத்துமிடத்தில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றதை அந்தப் பக்கம் பணியில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஆகவே இடம், பொருள் விளக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

1. விமானம் உயரே ஏறிக்கொண்டிருந்தபோது கேபினில் காற்றழுத்தம் குறைந்தது. ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்தன. விமானம் திரும்பியது. உயிர்ச்சேதம் இல்லை. இதுவரை விமான நிறுவனத்தின் செய்திக்குறிப்புக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

2. காரணம் கேட்டால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்கிறார்கள். எந்தக் கோளாறு? கேபினுக்குள் வரும் காற்று இயந்திரங்களிலிருந்து எடுக்கப்படுவது. அதைத் திறந்துவிடும் சுவிட்சைப் போட மறந்தார்களா, காற்றை வெளியேற்றும் வால்வு சிக்கிக்கொண்டதா, கதவின் ரப்பர் கசிந்ததா? 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட விமானத்தில் அந்த சுவிட்சைப் போடாமலே மேலே ஏறினார்கள். பயணிகள் பலருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் வந்தது. அங்கே காரணத்தைச் சில மணி நேரத்தில் வெளியில் சொன்னார்கள். எங்கள் விஷயத்தில் மட்டும் அது ஏன் இரகசியம்?

3. விமானிகள் எப்போது முகமூடி அணிந்தார்கள் என்பதையும் கேட்டிருந்தேன். அவர்களைக் கூண்டில் ஏற்றும் ஆசை எனக்கு இல்லை. ஆக்சிஜன் குறைவு வலிக்காது; தனக்கு ஒன்றுமில்லை என்றே மூளை நம்பும். 35,000 அடியில் தெளிவாகச் செயல்பட 30 முதல் 60 விநாடிகளே கிடைக்கும் என்பது தங்கள் துறைப் பயிற்சியிலேயே சொல்லித்தரப்படுவது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னாகாவிலிருந்து ஏதென்ஸ் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவன விமானத்தில் அழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகு தானியங்கி நிலைக்குப் பதிலாகக் கைமுறை நிலையில் இருந்தது. சரிபார்ப்புப் பட்டியல்களைப் படித்தும் அது கண்ணில் படவில்லை. சுமார் 12,000 அடியில் எச்சரிக்கை ஒலித்தது. தரையில், புறப்பாட்டுக்கு விமானம் தயாரில்லை என்று எச்சரிப்பதும் அதே ஒலிதான். அதுவென்றே விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். தரையிலிருந்த பொறியாளர் 'திருகு தானியங்கி நிலையில் இருக்கிறதா' என்று கேட்டபோது, கேப்டன் பதில் சொல்லாமல் கருவிகளைக் குளிரூட்டும் அமைப்பின் மின் துண்டிப்பான்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டார். விமானம் 34,000 அடிக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. ஆந்திரேயாஸ் புரோட்ரோமு என்ற கேபின் பணியாளர் கடைசி நிமிடங்களில் விமானி இருக்கையில் அமர்ந்து போராடியதை, பக்கத்தில் பறந்த எஃப்-16 போர் விமானத்தின் விமானி பார்த்தார். எரிபொருள் தீர்ந்து கிரேக்கத்தின் கிராமாட்டிகோ அருகே மலையில் மோதி 121 பேரும் இறந்தார்கள்.

இதைத் தங்களுக்குப் பாடமாகச் சொல்லவில்லை. அதே விமானம் அதற்கு எட்டு மாதம் முன்பு, 2004 டிசம்பரில், வார்சாவிலிருந்து வரும் வழியில் கேபின் அழுத்தத்தை இழந்திருந்தது. அப்போதும் உயிர்ச்சேதம் இல்லை.

4. இனி என் தாயார். முந்தைய மனுக்களில் இதை ஒரே வரியில் எழுதினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

முகமூடியை ஒருமுறை தன்பக்கம் இழுத்தால்தான் ஆக்சிஜன் வரத் தொடங்கும். அம்மா அதை இழுக்காமல், தொங்கிய இடத்துக்கே முகத்தைக் கொண்டுபோனார். நான்தான் இழுத்துவிட்டேன். பை உப்பவில்லை, கருகல் வாடை வேறு வந்தது. பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வரும் என்பதும், ஆக்சிஜனை உண்டாக்கும் வேதிக்கலன் சூடாவதால்தான் அந்த வாடை என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அப்போது விமானம் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தோம். அவசரமாக இறங்கும்போது அம்மா வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது விரலிடுக்கில் இரத்தம்.

செவிப்பறை ஆறிவிட்டது. உட்காது ஆறவில்லை. வலது காதில் பகலும் இரவும் ஓயாத இரைச்சல். அதை அமுக்க, தலையணைக்குப் பக்கத்தில் வானொலியை மெல்லிய ஒலியில் ஓடவிட்டுத்தான் படுக்கிறார். எழுந்தால் தலை சுற்றுகிறது. அறையிலிருந்து வாசலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலப்பக்கம் நின்று யார் பேசினாலும் கேட்பதில்லை, கேட்டதுபோலத் தலையாட்டிவிடுகிறார். நாலு பேர் கூடும் இடத்துக்கு இப்போது வருவதே இல்லை.

இழப்பீடு கேட்டபோது விமான நிறுவனம் அனுப்பிய கடிதத்தை இணைத்திருக்கிறேன். 'பயணத்துக்கு முன் செவித்திறன் இயல்பாக இருந்தது என்பதற்கான மருத்துவச் சான்று' வேண்டுமாம். ஐயா, காது நன்றாகக் கேட்கிறது என்று சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டுதான் மனிதர்கள் விமானம் ஏற வேண்டும் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது? நன்றாக இருக்கும் காதுக்கு யார் சோதனை செய்துகொள்கிறார்கள்? அன்று கேபினில் அழுத்தம் எவ்வளவு விழுந்தது, எவ்வளவு வேகமாகத் திரும்ப ஏறியது என்ற பதிவைக் காது மருத்துவரிடம் கொடுத்தால் அவர் சொல்வார். அந்தப் பதிவு என்னிடம் இல்லை. நிறுவனத்திடமும் தங்களிடமும் இருக்கிறது. ஆதாரத்தைப் பெட்டியில் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆதாரம் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது?

5. பல விமானங்களில் விமானி அறைக் குரல் பதிவு கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். அதைப் பாதுகாத்தார்களா, அல்லது அடுத்த பயணம் மேலெழுதிவிட்டதா? ஒரு வரி பதில் போதும்.

6. தங்கள் அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னது: விமான விசாரணை என்பது மீண்டும் நடக்காமல் தடுக்கத்தான், பழி சுமத்த அல்ல. சர்வதேச விதியும் அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பழி சுமத்தாமல் இருப்பது வேறு, வாயே திறக்காமல் இருப்பது வேறு. ஹீலியோஸ் வழக்கில் 2011இல் சைப்ரஸ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2012இல் கிரேக்க நீதிமன்றம் நிறுவனத்தின் முன்னாள் பொறுப்பாளர்களைக் குற்றவாளிகள் என்றது. யார் சரி என்று வாதிட நான் வரவில்லை. அங்கே விசாரணை அறிக்கை வெளியில் இருந்தது. அதனால்தான் வாதிடவாவது முடிந்தது.

7. சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய மான்ட்ரியல் உடன்படிக்கையின் 35ஆம் பிரிவின்படி இழப்பீட்டு வழக்கைத் தொடர இரண்டு ஆண்டுகளே அவகாசம். தாங்கள் கோப்பைப் பார்த்து முடிக்கும்வரை அது நிற்காது. 'பரிசீலனையில் உள்ளது', 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற ஒப்புகைச் சீட்டு வாசகங்களுக்குள் அந்த அவகாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அந்த நாள் கடந்துவிட்டால் யாருக்கு இலாபம் என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். கடுமையாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் பதில் தாருங்கள்.

ஆகவே கேபின் அழுத்தம் குறித்த தரவுப் பதிவையும், இறுதி அறிக்கையையும், அது முடியவில்லையென்றால் இடைக்கால அறிக்கையையும் வழங்குமாறு மீண்டும் வேண்டுகிறேன். தர இயலாது என்றால், இயலாது என்பதையே எழுத்தில், காரணத்துடனும் கையொப்பத்துடனும் தாருங்கள். அதை வைத்து நீதிமன்றத்துக்குப் போகிறேன். இன்னொரு ஒப்புகைச் சீட்டு மட்டும் வேண்டாம், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பயணச்சீட்டு நகல், செவித்திறன் சோதனை அறிக்கைகள், விமான நிறுவனத்தின் கடிதம், முந்தைய ஒப்புகைச் சீட்டுகளின் நகல்கள்.