செல்லப்பிராணி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். இந்த வருடம் நம் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது, பிராணிகளுக்குத் தீனியாகக் கொடுக்கிற, வாலில் கொம்புள்ள கொம்புப்புழு. வழக்கமாகத் தீனியாகக் கொடுக்கிற மீல்வார்ம் புழுவின் தோல் கடினம், பல பிராணிகள் அலுத்துப்போய் அதைத் தொடுவதில்லை. அப்படியானால் வெளிநாட்டில் பல்லியினங்களுக்குக் கொடுக்கிற கொழுத்த நீலப் புழுவை நாமும் வளர்த்தால் என்ன என்று பலர் கேட்டார்கள்.

அந்தப் புழு அமெரிக்கக் கண்டத்தில் புகையிலை, தக்காளிச் செடிகளைத் தின்கிற மண்டூகா செக்ஸ்டா. கோதுமை முளை, பால் புரதம், அகர் கலந்த தீனியில் வளர்ப்பதால்தான் நீலமாகிறது, இலை தின்றால் பச்சை. யாராவது முட்டை வரவழைத்துத் தருகிறேன் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். உயிருள்ள பூச்சியை அனுமதியில்லாமல் இறக்குமதி செய்வது 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்கு விரோதம், அதோடு கொல்லைப்பக்கம் ஒரு ஜோடி தப்பினாலும் டெல்டாவின் தக்காளிக்கும் கத்தரிக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊரிலேயே கொம்புப்புழு இருக்கிறது. சம்பா அறுத்த வயலில் மாசியில் எள் தெளித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்: விரல் தடிமனுக்குப் பச்சையாக, பக்கவாட்டில் சாய்கோடுகளோடு, வாலில் வளைந்த கொம்போடு இலையை மொட்டையடிக்கும். கொம்பு குத்தாது, விஷமும் இல்லை. இதன் அந்துப்பூச்சிக்கு முதுகில் மண்டையோடு போல அடையாளம் இருக்கும், இரவில் தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும், எனவே தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் கவனம்.

ஆனால் வயலில் பொறுக்கி அப்படியே பிராணிக்குப் போடுவது வேண்டவே வேண்டாம். திருவையாறு பக்கத்து உறுப்பினர் ஒருவர் கத்தரித் தோட்டத்துப் புழுவைப் போட்டு, ஆசையாக வளர்த்த ஆஸ்கர் மீனை இழந்தார். முதல் நாள்தான் அங்கே மருந்து அடித்திருக்கிறார்கள், அது அப்புறம்தான் தெரிந்தது. ஊமத்தை இலை தின்ற புழுவும் ஆகாது, செடியின் நஞ்சு புழுவின் குடலில் இருக்கும்.

ஆகவே சங்கம் சொல்வது, மருந்தே படாத எள்செடியைப் பையில் வளர்த்து, அதில் முட்டையிலிருந்து வளர்ந்த புழுவை மட்டும் கொடுங்கள் என்பதுதான். வலை மூடிய டப்பா, தினமும் புது இலை, புழுக்கையை அன்றன்றே கொட்டுவது, இவ்வளவுதான் வேலை. ஈரம் தேங்கினால் புழு தளர்ந்து கறுத்துச் சாகும், அப்படி ஒன்றைப் பார்த்தால் உடனே பிரித்துவிடுங்கள். எறும்புக்கு மேசைக்காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. தோலுரிக்கும் முன் புழு தலையைத் தூக்கிக்கொண்டு தின்னாமல் அசையாமல் கிடக்கும். உற்றுப் பார்த்தால் பழைய தலைக்குப் பின்னால் புதுத் தலை வெளிறிப் புடைத்திருப்பது தெரியும். செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள், அந்த நேரத்தில் தொடவும் வேண்டாம்.

சத்து விஷயத்தில் ஏமாற வேண்டாம். மண்டூகா புழுவில் சுமார் 85 சதவீதம் தண்ணீர்தான், சுண்ணாம்புச் சத்து குறைவு. நம் புழுவையும் அதே கணக்கில் வையுங்கள். கோடையில் நீர்ச்சத்துக்கு நல்லது, தினசரித் தீனியாக ஆகாது. பல்லியினத்துக்குக் கால்சியம் பொடியில் புரட்டி, அதன் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை விடப் பருமனில்லாத புழுவாகப் பார்த்துக் கொடுங்கள்.

சட்டத்தையும் நினைவுபடுத்துகிறேன்: பச்சோந்தி, நட்சத்திர ஆமை, நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வைக்கக் கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வரும் வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும்.

மிஞ்சுகிற புழுக்களைப் பக்கத்து எள் வயலில் விடாதீர்கள், கோழிக்குப் போட்டுவிடுங்கள். எள் விதை வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம், சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பாருங்கள்.